பூட்டச் சொன்னவர்கள் சாவியைப் பற்றியும் பேசட்டும்

இந்தியப் பல்கலைக்கழகங்களின் அறநெறிக் குழுக்களுக்கு முன் வைக்கப்படும் விண்ணப்பங்களில் ஒரு வாக்கியம் அநேகமாக மந்திரம்போல் இடம்பெறுகிறது: "திரட்டப்படும் தரவுகள் அனைத்தும் குறியாக்கம் செய்யப்பட்டுப் பாதுகாக்கப்படும்." ஆய்வாளர் கையொப்பமிடுகிறார். நெறியாளர் கையொப்பமிடுகிறார். குழு ஒப்புதல் அளிக்கிறது. அந்தக் குறியாக்கத்தின் சாவி எங்கே இருக்கும், அதன் நகல் யாரிடம் இருக்கும், மடிக்கணினி பழுதானால் சாவியை எப்படி மீட்பது என்று எவரும் கேட்பதில்லை. அதற்கென்று படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

சாவிக்கு ஏற்பாடு செய்யாமல் குறியாக்கத்தை மட்டும் கட்டாயமாக்குவது, ஆய்வுத் தரவுகளை மெல்ல அழிக்கும் வழி. பூட்டு உண்டா என்று மட்டும் கேட்கும் நிர்வாகத்துக்கு வேண்டியது தன் கோப்பில் சொருகி வைக்க ஒரு தாள். தரவு அழியும் நாளில் அந்தத் தாள் நிர்வாகத்தைக் காப்பாற்றும். பழி முழுவதும் ஆய்வு மாணவரின் தலையில் இறங்கும்.

இதை மிகைக்கூற்று என்று கருதுவோர், மாணவர்களின் மடிக்கணினிகளில் பரவலாக உள்ள விண்டோஸ் இயங்குதளத்தில் கோப்புக் குறியாக்கம் எப்படி நடைபெறுகிறது என்று பார்ப்பது நல்லது. இ.எஃப்.எஸ். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அம்முறை விண்டோஸ் 2000 பதிப்போடு அறிமுகமானது. ஹோம் பதிப்பில் அந்த வசதி இல்லை. புரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் உண்டு. கோப்புறையின் பண்புகளைத் திறந்து ஒரு சிறு கட்டத்தில் குறியிட்டால் போதும், கோப்புகள் பூட்டப்பட்டுவிடும். பயனரிடம் புதிதாக ஒரு கடவுச்சொல்கூடக் கேட்கப்படுவதில்லை. கணினிக்குள் நுழைந்த பின் கோப்புகள் வழக்கம்போல் திறக்கும், வழக்கம்போல் மூடும். எல்லாம் எளிது என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது.

திரைக்குப் பின்னால் நடப்பது வேறு. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கோப்புச் சாவி உருவாக்கப்பட்டு, அதைக்கொண்டு கோப்பு பூட்டப்படுகிறது. அந்தக் கோப்புச் சாவி, பயனரின் சான்றிதழில் உள்ள பொதுச் சாவியால் பூட்டப்பட்டுக் கோப்புடனேயே வைக்கப்படுகிறது. மீண்டும் திறப்பதற்கு அச்சான்றிதழின் இணையான அந்தரங்கச் சாவி வேண்டும். அந்தரங்கச் சாவியோ பயனர் கணக்கின் கோப்புறைக்குள், எவர் கண்ணிலும் படாத ஓர் இடத்தில், அவரது கடவுச்சொல்லின் காவலில் இருக்கிறது. நிறுவன வலையமைப்பில் சேராத தனிக் கணினியில் இந்தச் சான்றிதழை விண்டோஸ் தானே உருவாக்கித் தானே கையொப்பமிட்டுக்கொள்கிறது. அதன் ஆயுள் 100 ஆண்டுகள். அது குடியிருக்கும் மடிக்கணினி ஐந்து ஆண்டுகள் உழைத்தாலே பெரிது.

ஒரு சூழலைக் கற்பனை செய்து பார்க்கலாம். கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கி உயிரிழந்தவர்களின் குடும்பத்தினரிடம் ஆய்வாளர் ஒருவர் மூன்று ஆண்டுகளாக நேர்காணல் எடுத்திருக்கிறார். ஒலிப்பதிவுகளில் ஒப்பந்ததாரர்களின் பெயர்கள் இருக்கின்றன. இழப்பீட்டில் பங்கு கேட்டவர்களைப் பற்றிய பேச்சும் இருக்கிறது. பேசியவர்கள் இன்றும் அதே பகுதியில், அதே ஒப்பந்ததாரரிடம் வேலைக்குப் போகிறவர்கள். ஒலிப்பதிவு வெளியானால் அவர்களின் பிழைப்பு போகும். ஆகவே ஆய்வாளர் முறைப்படி கோப்புறையைக் குறியாக்கம் செய்கிறார். படியெடுத்த எழுத்துப் பிரதிகளும் அதே கோப்புறையில்தான். கூடுதல் எச்சரிக்கையோடு, மொத்தக் கோப்புறையையும் அதே பூட்டுடன் ஒரு வெளி வட்டிலும் பிரதியெடுத்து வைக்கிறார். ஒருநாள் மடிக்கணினி மந்தமாகிறது. கணினி மையத்துக்குக் கொண்டுபோகிறார். அங்குள்ள ஊழியர் வழக்கமான வைத்தியத்தைச் செய்கிறார்: டி வட்டில் உள்ளதைத் தொடாமல், சி வட்டை அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவுகிறார். "டேட்டா எல்லாம் பத்திரமாக இருக்கிறது" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. கோப்புகள் அனைத்தும் டி வட்டில் இருக்கின்றன. பெயர்கள் தெரிகின்றன, தேதிகள் தெரிகின்றன, அளவுகள் தெரிகின்றன. ஒன்றுகூடத் திறக்காது. அந்தரங்கச் சாவி சி வட்டில் இருந்தது.

வெளி வட்டில் உள்ள பிரதியும் அதே சாவியைத்தான் கேட்கும். புதிய விண்டோஸில் அதே பெயரில், அதே கடவுச்சொல்லோடு கணக்குத் தொடங்கினாலும் பயனில்லை. அது வேறொரு கணக்கு, வேறொரு சாவி. நிர்வாகி அதிகாரத்தோடு கோப்புகளின் உடைமையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்போதும் உள்ளடக்கம் பூட்டியபடியே இருக்கும். நேரு பிளேஸ் கடைகளில் ஏறி இறங்கினாலும், சாவியின் எச்சம் எங்கும் மிஞ்சாதபோது, எந்தத் தொழில்நுட்ப வல்லுநராலும் திறக்க முடியாது. திறக்க முடியாதபடிதான் அந்த முறை வடிவமைக்கப்பட்டது. மறந்துபோன கடவுச்சொல்லை நிர்வாகி வலிந்து மாற்றினாலும் உள்ளகக் கணக்குகளில் இதே கதி நேரும். பழைய கடவுச்சொல் நினைவுக்கு வந்தால் அங்கே மீட்சி உண்டு. வட்டு அழிக்கப்பட்ட இடத்தில் அதுவும் இல்லை.

முறை எதிரியின் கைக்குப் போனாலும் சாவி போகாதவரை இரகசியம் காக்கப்பட வேண்டும் என்பது 1883இல் அகஸ்த் கெர்க்காஃப்ஸ் வகுத்த நெறி. இன்றைய மறையீட்டியல் முழுவதும் அந்த நெறியின் மேல்தான் நிற்கிறது. அதன் மறுபக்கத்தைப் பல்கலைக்கழகங்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. எல்லாப் பாதுகாப்பும் சாவியில் குவிந்துவிட்டால், சாவியை இழந்த உரிமையாளரும் சாவியில்லாத திருடரும் அந்த முறையின் கண்ணுக்கு ஒருவரே.

உடனே ஒரு குரல் எழும்: "சான்றிதழை நகலெடுத்து வைக்காதது ஆய்வாளரின் அலட்சியம்தானே? விண்டோஸே நினைவூட்டுகிறதே?" நினைவூட்டுவது உண்மை. முதன்முறை குறியாக்கம் செய்ததும் திரையின் ஓரத்தில் ஓர் அறிவிப்பு வருகிறது. கட்டுப்பாட்டுப் பலகத்தின் பயனர் கணக்குகள் பகுதியில், கோப்புக் குறியாக்கச் சான்றிதழ்களை நிர்வகிப்பதற்கென்றே தனி வழிகாட்டி ஒன்றும் இருக்கிறது. சான்றிதழைத் தேர்ந்தெடுக்கலாம், புதிதாக உருவாக்கலாம், சாவியோடு சேர்த்து நகலெடுக்கலாம், பழைய கோப்புகளைப் புதிய சான்றிதழுக்கு மாற்றலாம். சில நிமிட வேலைதான்.

ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்குள் இருக்கும் பள்ளங்கள் பல. சான்றிதழை வெளியே எடுக்கும்போது அந்தரங்கச் சாவியையும் சேர்த்தால் பி.எஃப்.எக்ஸ். கோப்பு கிடைக்கும், சேர்க்காவிட்டால் சி.இ.ஆர். கோப்பு கிடைக்கும். இரண்டையும் சான்றிதழ் என்றே சொல்கிறார்கள். இரண்டாவதைப் பத்திரப்படுத்தியவர் பூட்டின் படத்தைப் பத்திரப்படுத்தியிருக்கிறார். சாவி அதில் இல்லை. பி.எஃப்.எக்ஸ். கோப்புக்குத் தனிக் கடவுச்சொல் உண்டு; அதை மறந்தால் நகல் இருந்தும் இல்லாததே. கணினி மாறும்போதெல்லாம் புதிய சான்றிதழ் பிறக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஒழுங்குமுறைப்படி முனைவர் பட்டத்துக்கு ஆறு ஆண்டுகள் வரை ஆகலாம். அதற்குள் இரண்டு மூன்று கணினிகள் மாறினால் இரண்டு மூன்று சாவிகள் சேரும். காலாவதியானது அல்லது பழையது என்று ஒரு சான்றிதழை நீக்கினால், அதைக்கொண்டு பூட்டிய கோப்புகளும் அதனோடு போகும். திறப்பதற்குச் சான்றிதழின் காலக்கெடு ஒரு பொருட்டன்று. சாவி இருக்கிறதா என்பதே கேள்வி.

இன்னொரு பள்ளம் எதிர்த்திசையில் இருக்கிறது. இ.எஃப்.எஸ். பூட்டு விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். வட்டு அமைப்புக்காக வடிவமைக்கப்பட்டது. அதே கோப்பை, கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பென்டிரைவில் நகலெடுத்து நெறியாளரிடம் கொடுத்தால், அது பூட்டு நீங்கிய நிலையில் போய்ச் சேரக்கூடும். மின்னஞ்சலில் இணைத்தாலும் அவ்வாறே. விண்டோஸ் எச்சரிக்கும் இடங்களில்கூட அவசரத்தில் "ஆம்" என்று சொடுக்குவோரே மிகுதி. ஆக, தன் தரவு பூட்டப்பட்டிருப்பதாக நம்பும் ஆய்வாளர் ஒருபுறம் அதை ஊருக்குத் திறந்துவைக்கவும், மறுபுறம் தனக்கே மூடிக்கொள்ளவும் கூடும்.

இதைப் பயனரின் அலட்சியம் என்று ஒதுக்கும் வாதத்துக்கு ஆய்வுலகம் கால் நூற்றாண்டுக்கு முன்பே விடை சொல்லிவிட்டது. 1999இல் ஆல்மா விட்டன், ஜே. டி. டைகர் ஆகிய இருவரும் பி.ஜி.பி. என்ற மின்னஞ்சல் குறியாக்க மென்பொருளைப் பயனர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். பங்கேற்ற 12 பேருக்கும் 90 நிமிடங்கள் தரப்பட்டன. மூன்றில் ஒரு பங்கினரே மின்னஞ்சலைச் சரியாகக் கையொப்பமிட்டுக் குறியாக்கம் செய்தார்கள். நான்கில் ஒரு பங்கினர் காக்க வேண்டிய இரகசியத்தைத் தம்மை அறியாமல் வெளிப்படையாகவே அனுப்பிவிட்டார்கள். பங்கேற்றவர்கள் அறிவிலிகள் என்று அந்தக் கட்டுரை முடிவுகட்டவில்லை. பயனர் இடைமுகத்தின் வடிவமைப்பே பழுது என்றது. கணினி அறிவியல் துறையில் இந்தக் கட்டுரையைப் பாடமாக நடத்திக்கொண்டே, அடுத்த கட்டடத்தின் சமூகவியல் மாணவரிடம் "உன் சாவிக்கு நீயே பொறுப்பு" என்று சொல்வது என்ன நியாயம்?

நிறுவனங்களுக்குச் சாவியின் அருமை தெரியாது என்றும் சொல்ல முடியாது. மின்னணு ஒப்பந்தப்புள்ளிகளுக்கும் வரித் தாக்கல்களுக்கும் பயன்படும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ், யு.எஸ்.பி. டோக்கனாக நிதிப் பிரிவின் அலமாரியில் பூட்டி வைக்கப்படுகிறது. அது எப்போது காலாவதியாகும், யார் பெயரில் இருக்கிறது, அவர் ஓய்வு பெற்றால் அடுத்து யார் என்பதெல்லாம் அங்கே தெரியும். தெரியாவிட்டால் பணம் நின்றுவிடும். ஆய்வேட்டைப் பொறுத்தவரையிலும் அக்கறை உண்டு: மாணவர் சமர்ப்பிக்கும் மின்பிரதி இன்ஃப்லிப்நெட் மையத்தின் சோத்கங்காவுக்குப் போய்ச் சேர்கிறது. அந்த ஆய்வேடு எந்தக் குரல்களின் மேல் எழுந்ததோ அந்தக் குரல்களுக்கு மட்டும் அலமாரியும் இல்லை, ஆளும் இல்லை.

இனிச் சட்டத்துக்கு வரலாம். "தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, ஆகவே குறியாக்கம் செய்யுங்கள்" என்று சுற்றறிக்கை விடுவோர் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறைப் பிரிவை முழுவதும் படித்திருக்க வேண்டும். தரவு மீறல் என்பது அனுமதியின்றி வெளிப்படுத்துவது மட்டுமே என்று அச்சட்டம் சொல்லவில்லை. தரவின் அழிவும், தரவுக்கான அணுகலை இழப்பதும் அதே வரையறைக்குள் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளன. இரகசியத்தன்மையோடு முழுமையும் கிடைப்புத்தன்மையும் காக்கப்பட வேண்டும் என்பதே அந்த வரையறையின் உள்ளுறை. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வரும் விதிகளும் குறியாக்கத்தைச் சொல்லும் இடத்திலேயே காப்புப் பிரதிகளையும் சொல்கின்றன. ஆராய்ச்சிக்குச் சட்டம் தரும் விலக்கும் நிபந்தனையுடையது. வகுக்கப்பட்ட தரநிலைகளைப் பின்பற்றினால்தான் அது செல்லும். ஆக, சாவியைத் தொலைத்துவிட்டு "தரவு யார் கைக்கும் போகவில்லை" என்று ஆறுதல் கொள்வது சட்டத்தின் சொற்களுக்கே முரண்.

இங்கே ஒரு மறுப்பை மட்டும் மதிப்போடு எதிர்கொள்ள வேண்டும். சாவியின் நகல் நிறுவனத்திடம் இருந்தால், நிறுவனமே தரவைப் படிக்கலாமே? நிர்வாகத்தின் சாதிப் பாகுபாட்டை ஆராயும் மாணவர், அதே நிர்வாகத்திடம் சாவியை ஒப்படைப்பதா? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, அரசு கேட்கும்போது மறைக்குறி நீக்கத்துக்கு உதவ மறுப்போருக்கு ஏழாண்டுகள் வரை சிறை என்கிறது. சாவி எத்தனை கைகளில் இருக்கிறதோ அத்தனை கதவுகள் தட்டப்படும். இந்த அச்சம் நியாயமானது. வேலியே பயிரை மேய்ந்த வரலாறு இந்நாட்டுக் கல்வி நிறுவனங்களுக்குப் புதிதன்று.

ஆனால் அச்சத்திலிருந்து "நகலே வேண்டாம்" என்ற முடிவு பிறக்க வேண்டியதில்லை. விண்டோஸில் மீட்பு முகவர் என்ற ஏற்பாடு இருக்கிறது. விண்டோஸ் 2000இல் தனிக் கணினிகளிலும் நிர்வாகிக் கணக்கு இயல்பாகவே மீட்பு முகவராக இருந்தது, எக்ஸ்.பி. முதல் தனிக் கணினிகளில் அந்த இயல்பு ஏற்பாடு நீக்கப்பட்டது. இன்றும் ஒருவர் விரும்பினால் அதை அமைத்துக்கொள்ளலாம். கணினியில் நிறுவப்படுவது மீட்பு முகவரின் பொதுச் சான்றிதழ் மட்டுமே. அதன் அந்தரங்கச் சாவி வேறெங்கோ, வலையமைப்போடு தொடர்பில்லாத ஓர் ஊடகத்தில் இருக்கலாம். அந்தச் சாவியின் கடவுச்சொல்லை ஒருவரிடம் முழுதாகக் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஓர் இரகசியத்தைப் பல பங்குகளாக்கி, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பங்குகள் கூடினால் மட்டுமே அது வெளிப்படும்படி செய்யும் கணித முறையை ஆடி ஷமீர் 1979இலேயே வெளியிட்டார். ஒரு பங்கு ஆய்வாளரிடம், ஒன்று அறநெறிக் குழுவிடம், ஒன்று நூலகத்திடம், ஒன்று ஆய்வாளர் தேர்ந்தெடுக்கும் வெளியாளிடம். நான்கில் மூன்று கூடினால் திறக்கும். நிர்வாகம் தனியாகத் திறக்க முடியாது. ஆய்வாளர் விபத்தில் இறந்தாலும் தரவு இறக்காது. 46 ஆண்டுகளுக்கும் மேலாகக் கையில் இருக்கும் தீர்வு இது.

"இ.எஃப்.எஸ். பழைய சரக்கு, இப்போது பிட்லாக்கர் முழு வட்டையும் காக்கிறது" என்பாரும் உண்டு. அங்கேயும் 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பயன்படுத்தும் புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் வட்டுக் குறியாக்கம் தானாகவே இயங்கத் தொடங்குகிறது. சாவி அந்தக் கணக்கில் போய்ச் சேர்கிறது. தன் வட்டு பூட்டப்பட்டிருப்பதே தெரியாதவர், சாவி எங்கே என்று எப்படித் தேடுவார்? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பழுதான புதுப்பிப்பால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. பிட்லாக்கர் பூட்டிய கணினிகள் பலவற்றை மீட்க அந்த 48 இலக்கங்கள் தேவைப்பட்டன. சாவிகளை ஒழுங்காக வைத்திராத இடங்களில் மீட்பு தாமதமாயிற்று. தொழில்நுட்பம் மாறினாலும் சாவி யாரிடம் என்ற கேள்வி மாறுவதில்லை.

ஆகவே பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியவை தெளிவானவை.

ஒன்று: அறநெறிக் குழுவின் படிவத்தில், சாவியின் நகல் எங்கே, பொறுப்பு யாருக்கு, படிப்பு முடிந்ததும் சாவியும் தரவும் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளைச் சேர்க்க வேண்டும். விடை இல்லாத விண்ணப்பத்துக்கு ஒப்புதல் கூடாது. விடைக்கு வழிசெய்யாத குழுவுக்குக் கேட்கும் தகுதியும் கிடையாது.

இரண்டு: பங்கிட்ட சாவியுடன் கூடிய மீட்பு முகவர் ஏற்பாட்டை நிறுவனமே வழங்க வேண்டும்; ஏற்பதும் மறுப்பதும் ஆய்வாளரின் உரிமையாக இருக்க வேண்டும்.

மூன்று: கணினி மையம், வட்டை அழிப்பதற்கு முன்பும் கடவுச்சொல்லை மாற்றுவதற்கு முன்பும், குறியாக்கக் கோப்புகள் உண்டா, சான்றிதழின் நகல் எடுக்கப்பட்டதா என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

நான்கு: ஆய்வு மற்றும் வெளியீட்டு அறநெறி என்ற கட்டாயப் பாடத்துக்கு 30 மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. அதில் இரண்டு மணி நேரம் சாவிக்கு வேண்டும். ஒரு கோப்பைப் பூட்டி, சாவியை நகலெடுத்து, கணினியில் உள்ள சாவியை நீக்கி, நகலைக்கொண்டு மீட்டுக் காட்டும் செய்முறைப் பயிற்சி அது. மீட்டுப் பார்க்காத நகலை நகல் என்று நம்புவது மூடநம்பிக்கை.

நிர்வாகம் விழிக்கும்வரை காத்திருக்க ஆய்வாளர்களுக்கு நேரமில்லை. கோப்புகளைக் குறியாக்கம் செய்தவர்கள் இன்றே சான்றிதழை அந்தரங்கச் சாவியோடு பி.எஃப்.எக்ஸ். வடிவில் எடுத்து, கணினிக்கு வெளியே இரண்டு தனித்தனி இடங்களில் வைத்து, அதன் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வேறோர் இடத்தில் பூட்டி வைப்பது நலம். பழைய சான்றிதழ் எதையும் நீக்க வேண்டாம். இன்னொரு கணினியில் ஒருமுறை மீட்டுப் பார்த்த பிறகே நிம்மதி கொள்ளலாம். ஆனால் இது தற்காப்பு மட்டுமே. தனிமனிதத் தற்காப்பைக் காட்டி நிறுவனத்தின் கடமையைத் தள்ளுபடி செய்ய இயலாது.

கழிவுநீர்த் தொட்டியில் கணவரை இழந்த ஒரு பெண், தயங்கித் தயங்கி ஒலிப்பதிவுக் கருவிக்கு முன் பேசும்போது அவருக்குத் தரப்படும் வாக்குறுதிக்கு இரண்டு பாதிகள் உண்டு. அவர் சொன்னது தகாதவர் காதில் விழாது என்பது ஒரு பாதி. அது வீண்போகாது, கேட்க வேண்டியவர் காதில் ஒருநாள் விழும் என்பது மறுபாதி. முதல் பாதிக்குப் பூட்டு போதும். இரண்டாம் பாதிக்குச் சாவி வேண்டும். பல்கலைக்கழகத்தின் முத்திரை பதித்த ஒப்புதல் படிவத்தில்தான் அந்தப் பெண் கைநாட்டு வைத்தார். இரண்டு பாதிகளுக்கும் அந்த முத்திரையே பொறுப்பு.